மணல் ஏன் உப்புது? பெட்டி அளவுல எங்க தப்பு நடக்குது

வணக்கம் மக்களே. சைட்ல கான்கிரீட்டுக்கு எல்லாத்தையும் பெட்டியில அளக்குறோம், மணல யூனிட் கணக்குல வாங்குறோம். ரெண்டுமே கன அளவுதான். ஆனா பெட்டி தளும்ப நிறைஞ்சிருக்குங்குறதுக்காக உள்ள சரக்கு சரியா இருக்குன்னு நம்பிடாதீங்க.

இந்த 20 லிட்டர் வாளியில 20 எம்எம் ஜல்லி போட்டு மட்டம் தட்டியிருக்கேன். இனி ஒரு கல்லு கூட வைக்க முடியாது. இப்ப லிட்டர் மக்குல தண்ணி ஊத்துறேன் பாருங்க... அஞ்சு... ஆறு... ஏழு... இன்னும் உள்ள இறங்கிட்டே இருக்கு. எட்டு, எட்டரை கிட்டதான் விளிம்புக்கு வருது. கிட்டத்தட்ட 40 சதவீதத்துக்கு மேல வெறும் இடைவெளி. அந்த இடைவெளிய மணல் அடைக்கணும், மணலோட இடைவெளிய சிமெண்ட் பால் அடைக்கணும். கான்கிரீட்டோட மொத்தக் கணக்கும் இதுதான்.

எம்20 (கான்கிரீட்டோட பலத்த வச்சு சொல்ற ஒரு தரம்) கலவை 1:1.5:3, அதாவது சிமெண்ட், மணல், ஜல்லி. பெட்டியோட உள்ளளவு 40, 35, 25 சென்டிமீட்டர்னா 35 லிட்டர், அதாவது ஒரு மூட்டை சிமெண்ட். ஒரு மூட்டை சிமெண்ட், ஒன்றரை பெட்டி மணல், மூணு பெட்டி ஜல்லி, எல்லாம் கூட்டினா 190 லிட்டர் சொச்சம். கையில வர்ற கான்கிரீட் சுமார் 125 லிட்டர்தான். "மேஸ்திரி சரக்க அடிச்சுட்டார்"னு சண்டைக்குப் போகாதீங்க, ஒண்ணோட சந்துல ஒண்ணு போய் உக்காந்துருச்சு. அதனாலதான் ஒரு கனமீட்டர் எம்20-க்கு 8 மூட்டை வேணும்.

இனி மணலுக்கு வருவோம். வில்லங்கமே இங்கதான். காஞ்ச மணல்ல லேசா தண்ணி சேர்ந்தா கன அளவு கூடும். ஒவ்வொரு துகள் மேலயும் தண்ணி ஒரு மெல்லிய படலமா ஒட்டிக்கும். அந்தப் படலத்தோட இழுவிசை துகள்கள ஒண்ணுக்குள்ள ஒண்ணு சரிஞ்சு உக்கார விடாது. ஈரம் 4-லேருந்து 6 சதவீதம் இருக்கும்போதுதான் உப்பல் உச்சம், 25, 30 சதவீதம் வரைக்கும் போகும். பொடி மணல் இன்னும் கூட உப்பும். கல்ல உடைச்சு செய்யுற எம்-சாண்டும் இதுக்கு விலக்கு இல்ல. அதே மணல் தண்ணியில முழுசா மூழ்கிட்டா படலம் போயிடும், பழையபடி படிஞ்சு காஞ்ச மணல் அளவுக்கே வந்துடும். ஜல்லிக்கு இந்தத் தொல்லை கிடையாது, கல்லு பெருசு.

இப்ப 25 சதவீதம் உப்பின மணல ஒன்றரை பெட்டி போட்டா, உண்மையில விழுறது 1.2 பெட்டிதான். ஜல்லி சந்து அடையாது. கலவை சொரசொரன்னு நிக்கும், சித்தாள் இன்னொரு மக்கு தண்ணி ஊத்துவார், பலம் அங்கேயே போச்சு. பலகைய பிரிச்சா தூண்ல தேன்கூடு மாதிரி ஓட்டை.

உப்பல் எவ்வளவுன்னு பாக்க லேப் வேண்டாம். நேரா நிக்கிற கண்ணாடி ஜாடி, ஸ்டீல் ஸ்கேல், ஒரு 6 எம்எம் கம்பி போதும். மணல தளர்வா, அழுத்தாம, ஜாடியில முக்கால்வாசிக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் போட்டு மட்டம் பண்ணுங்க. ஸ்கேல அடிவரைக்கும் குத்தி உயரம் எடுங்க. இதுல 20 சென்டிமீட்டர். இப்ப மணல் முழுசையும் பாண்டுல (கலவை சுமக்குற சட்டி) கொட்டுங்க, ஒரு பிடி கூட சிந்தக்கூடாது. ஜாடியில பாதி தண்ணி. மணல்ல பாதிய போட்டு கம்பியால நல்லா குத்துங்க, மீதியையும் போட்டு குத்துங்க. மட்டம் பண்ணி அளந்தா... 16. இறங்கினது 4. இத 16-ஆல வகுக்கணும், 25 சதவீதம். 20-ஆல வகுத்தா 20-ன்னு குறைச்சுக் காட்டும், நிறைய பேர் அப்படித்தான் போடுறாங்க. முதல்ல மணல அழுத்திப் போட்டாலும் உப்பல் கம்மியாத்தான் தெரியும்.

ஒன்றரை பெட்டிய 1.25-ஆல பெருக்கினா 1.9 பெட்டி கிட்ட வருது, அவ்வளவு ஈர மணல் போடணும். அந்த மணலோட சுமார் 4 லிட்டர் தண்ணியும் சேர்ந்து வந்துடும். எம்20-க்கு ஒரு மூட்டைக்கு தண்ணி 30 லிட்டருக்கு மேல போகக்கூடாது, அதனால நீங்க ஊத்துறத 26-ஓட நிறுத்துங்க. சிமெண்ட மட்டும் பெட்டியில அளக்காதீங்க. கொட்டினா காத்து ஏறி அதுவும் பொங்கும். முழு மூட்டையாவே போடுங்க.

லாரிக்கும் இதே கதைதான். பாடி உள்ளளவு நீளம் 14 அடி, அகலம் 7, உயரம் 3-ன்னா 294 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட், அப்ப 2.94 யூனிட். நடுவுல கும்பம் இருக்கும், மூலையில குழி இருக்கும், அஞ்சாறு இடத்துல கம்பி குத்தி சராசரி உயரம் எடுங்க. மணல் உப்பியிருந்தா 3 யூனிட்டுக்கு காசு கொடுத்து 2.4 யூனிட் வாங்குறீங்க. என் கணக்குக்கு எடை போட்டு டன் கணக்குல வாங்குறதே மேல். 5 சதவீத ஈரத்துக்கு எடையில ஏமாறுறது அந்த 5 சதவீதம் கிட்டத்தான், கன அளவுல அஞ்சுல ஒரு பங்கு போகுது.

ஜாடி சோதனைக்கு மணல குவியலோட மேல்தோல்லேருந்து அள்ளாதீங்க, அது வெயில்ல காஞ்சிருக்கும். ஒரு அடி உள்ள தோண்டி எடுங்க. ராத்திரி மழை பெஞ்சா காலையில வேலை தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வெயில் ஏறினதும் மதியம் இன்னொரு தடவை பாத்துட்டு பெட்டி அளவ மாத்துங்க.