ஓட்டையா விட்டா திருட்டு வேலையாம்

வணக்கங்க. ரேடியோவுல பேச வாங்கன்னு கூப்பிட்டதும் எனக்கு முதல்ல வந்த கவலை, கையில பேப்பர் பேனா இல்லாம எப்படிப் பேசுறதுன்னுதான். வீடு கட்டுறவன் ரெண்டு கோடு போட்டுக் காட்டாம பேசிப் பழக்கமில்ல பாருங்க. சரி, பேசிப் பாக்குறேன்.

மதுரையில ஒரு சின்ன கம்பெனி நடத்துறேன். பிளான் போடுறதும் நாங்கதான், கட்டிக் குடுக்குறதும் நாங்கதான், வீடு கரண்ட்டைக் கம்மியா குடிக்கணுங்கறது எங்க பிடிவாதம். 2009-ல ஆரம்பிக்கும்போது நானு, டிராயிங் போட ஒரு தம்பி, ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல் வண்டி, அவ்வளவுதான். இன்னைக்கு 26 பேரு. இத்தனை வருஷம் ஆகியும் 26-தானா, கூட ஆரம்பிச்சவன்லாம் அபார்ட்மெண்ட் கட்டி வித்துட்டு கார்ல போறான்னு என் மச்சான் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேப்பாரு. அவரு கேக்குறதுலயும் நியாயம் இருக்கு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல வெயில். நம்ம ஊருல வெயில்னா எல்லாரும் மேற்குச் சுவரைத்தான் திட்டுவோம், சரிதான், சாயங்கால வெயில் பொல்லாதது. ஆனா வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராதுன்னு நம்புறோம் பாருங்க, அது தப்பு. மதுரைக்கு ஏப்ரல் நடுவுல ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசியில ஒரு தடவை சூரியன் நேரா உச்சிக்கு வரும், அதுக்கு இடையில மே ஜூன் ஜூலையில அது நமக்கு வடக்கால போகுது. அப்ப வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேணும்ல? இதெல்லாத்தையும் விடப் பெரிய எதிரி தலைக்கு மேல இருக்கு. வெறும் கான்கிரீட் சிலாபு பகல் முழுக்க சூட்டைக் குடிச்சிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல உங்க கட்டில் மேல கக்கும். ஏசியைப் போடுறோம். பழைய ஒன்றரை டன் ஏசி ராத்திரி எட்டு மணி நேரம் ஓடுச்சுன்னா சுமாரா எட்டுலேர்ந்து பத்து யூனிட், ரெண்டு மாசத்துக்குக் கணக்குப் போட்டா ஏசி மட்டுமே 500 யூனிட்டைத் தொட்டுரும், 500-ஐத் தாண்டினா யூனிட் ரேட்டே மேல ஏறிப்போகும், பில்லைப் பாத்துட்டு வீட்டுல சண்டை.

நம்ம தாத்தாக்கள் மொட்டை மாடியில செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பொம்பளைங்க வரிசையா உக்காந்து கட்டையால அடிச்சு அடிச்சுத் தளம் போட்டு மேல தட்டோடு பதிச்சாங்களே, அது சும்மா அழகுக்கு இல்ல. 2018 டிசம்பர்ல எக்கோ நிவாஸ் சம்ஹிதான்னு மத்திய அரசு வீடு கட்டுறதுக்கு ஒரு விதிமுறை கொண்டாந்தாங்க, கூரை வழியா சூடு கடக்குற அளவு, யூ வேல்யூம்பாங்க, அது 1.2-க்கு மேல போகக் கூடாதுன்னு அதுல இருக்கு. வெறும் சிலாபுக்கு அது மூணுக்கு மேல வரும். நாங்க சுர்க்கித் தளம், அதாவது தாத்தாக்கள் போட்ட அதே செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம், போட்டு மேல வெள்ளை டைல்ஸ் உடைசலைப் பதிச்சுவிடுவோம். டைல்ஸ் கடையில உடைசல் சல்லிசாக் கிடைக்கும்.

இதை எல்லா இன்ஜினியரும் படிச்சிருக்காங்க, அப்புறம் ஏன் வீடு வேகுதுன்னா, வரைஞ்சவர் ஒருத்தரு, கட்டுறவர் இன்னொருத்தரு. பேப்பர்ல சன்ஷேடு ரெண்டடி இருக்கும், சைட்டுல ஒன்றரை அடி ஆயிரும், வடக்குப் பக்கம் எதுக்குங்கன்னு ஒண்ணு காணாமயே போயிரும். குடிவந்தப்புறம் வீடு சுட்டா யாரைப் போயி கேப்பீங்க? ரெண்டும் ஒரே ஆளு கையில இருந்தா திட்டு நேரா எனக்கு வரும், அந்தப் பயம் இருக்குறதாலதான் சன்ஷேடு ரெண்டடியா நிக்குது. ஆரம்பத்துல பிளானை ஓசியிலதான் போட்டுக் குடுத்தேன், வாங்கிட்டுப் போயி சதுர அடிக்கு அம்பது ரூவா கம்மியாச் சொன்ன மேஸ்திரிகிட்ட குடுத்துருவாங்க. நாலஞ்சு தடவை ஏமாந்தப்புறந்தான் பிளானுக்குத் தனியா காசு வாங்க ஆரம்பிச்சேன்.

திருவனந்தபுரம் போனா தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல உருண்டையா ஒரு காபி ஹவுஸ் இருக்கும், பாத்திருப்பீங்க. நடந்துக்கிட்டே மேல ஏறுற மாதிரி சுத்திச் சுத்திப் போகும், சுவர்ல ஓட்டை ஓட்டையா விட்டு காத்து வர்ற மாதிரி கட்டினது. லாரி பேக்கர்ங்கற ஆர்க்கிடெக்ட் கட்டினது அது. இங்கிலாந்துல பிறந்து 1945-ல இந்தியாவுக்கு வந்து கடைசி வரைக்கும் இங்கயே இருந்தவரு, 2007-ல காலமானாரு. அங்க உக்காந்து ஒரு காபியை ஒரு மணி நேரம் குடிச்சிருக்கேன். அவரு பரப்பின எலிப்பொறிக் கட்டுதான் எங்க கம்பெனியோட சோறு. செங்கல்லைப் படுக்க வைக்காம குத்துவாட்டுல வச்சுக் கட்டுறது. சுவர் ஒம்போது இஞ்சுதான், ஆனா நடுவுல மூணு இஞ்சு வெத்திடம். செங்கல் கால்வாசி மிச்சம், கலவையும் மிச்சம், உள்ள நிக்குற காத்து சூட்டை உள்ள விடாது.

முதல் ஆறேழு வீடு நல்லா வந்துச்சு. குடிபோனவங்க கரண்ட் பில்லைச் சொந்தக்காரங்களுக்குக் காட்ட, போன் மேல போன். எனக்கும் தலை கொஞ்சம் பெருத்துருச்சு. ஒரே நேரத்துல ஏழு சைட்டை எடுத்தேன். இருந்த கொத்தனாருங்க நாலு பேரு, பத்தாததுக்கு அங்கிட்டு இங்கிட்டு கேட்டு ஒரு செட்டைக் காண்ட்ராக்ட்டுல இறக்கினேன், இவ்வளவு கட்டினா இவ்வளவு ரூவான்னு பேச்சு. வெள்ளிக்கிழமை வந்தா எனக்குத் தூக்கம் போயிரும், ஏன்னா சனிக்கிழமை சம்பளம், ஒரு சைட்டுக்கு வந்த அட்வான்ஸைத் தூக்கி இன்னொரு சைட்டுல போடுறது, சிமெண்ட் கடைக்காரர் போனை எடுக்காம இருக்குறது, இப்படித்தான் ஓடுச்சு. வெளியில இருந்து பாத்தவங்க நல்லா வளந்துட்டான்னு சொன்னாங்க.

அதுல ஒரு வீடு, ரிட்டையர் ஆன ஒரு வாத்தியாரோடது. குடிபோன வருஷம் மே மாசம் கூப்பிட்டாரு. கோவப்படலைங்க, "தம்பி, நீங்க சொன்ன குளுமை எந்த ரூம்ல இருக்கு"ன்னு மட்டும் கேட்டாரு. போயி மேற்குச் சுவர்ல கையை வச்சேன், தோசைக்கல்லு. விரல் மடக்கித் தட்டினேன். எலிப்பொறிச் சுவரைத் தட்டினா கொஞ்சம் பானை மாதிரி சத்தம் வரும். இது கல்லு மாதிரி சத்தமே இல்லாம நின்னுச்சு. ஒரு செங்கல்லைப் பேத்து உள்ள டார்ச் அடிச்சா, வெத்திடம் பூராவும் கலவை. கம்முன்னு அடைச்சு வச்சிருக்கு. மூணு இஞ்சு காத்து இருக்க வேண்டிய இடத்துல என் சிமெண்ட்டு, என் எம் சாண்டு.

அந்த செட்டுல மூத்த கொத்தனாரைக் கூட்டியாந்து காட்டினேன். ஏமாத்தின ஆளு மாதிரி அவரு தலையைக் குனியவே இல்ல. "தம்பி, முப்பது வருஷமா கரணை பிடிக்கிறேன். சுவருக்குள்ள ஓட்டையா விட்டா அது திருட்டு வேலை. நாளைக்கு வீட்டுக்காரரு என்னையத்தானே கேப்பாரு" அப்படின்னாரு. எனக்கு வாயடைச்சுப் போச்சு. மனுஷன் எனக்கு நல்லது பண்றதா நினைச்சு, பொறுப்பா, ஒரு பொந்து விடாம அடைச்சிருக்காரு. காண்ட்ராக்ட்டைப் பேசின நான் வெத்திடம் எதுக்குன்னு அவருகிட்ட அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசல, அதான் விஷயம்.

அந்த மேற்குச் சுவருக்கு வெளியில சட்டம் அடிச்சு இடைவெளி விட்டு ஓடு தொங்கவிட்டு, என் செலவுலயே சரி பண்ணிக் குடுத்தேன். அந்த வருஷ லாபம் அதோட போச்சு. கையில இருந்ததை முடிச்சிட்டு, ஒரே நேரத்துல மூணு சைட்டுக்கு மேல எடுக்குறதில்லன்னு முடிவு பண்ணோம். கொத்தனாருங்களுக்கு அளவுக் கூலியை நிறுத்திட்டு மாசச் சம்பளம், மழை பெஞ்சாலும் உண்டு. எங்க ஆடிட்டர் இது உருப்படாதுன்னாரு. ஆனா அளவுக்குக் கூலின்னா கை ஓடத்தான் செய்யும், ஓடுற கை உள்ள என்ன விழுதுன்னு பாக்காது. அப்பலேர்ந்து வருஷக் கடைசியில நான் எண்ணுறது கொத்தனாரைத்தான். நாலு, அஞ்சு, ஏழு, இப்ப பதினொண்ணு. அந்த மூத்தவரும் இதுல ஒருத்தர், புதுசா வர்ற பயலுக சுவரைத் தட்டிப் பாக்குறது இப்ப அவருதான்.

பதினொண்ணாவது ஆளு ஒரு அக்கா. எங்க சைட்டுல சித்தாளா கல்லு சுமந்தவங்க, மதியம் சாப்பாட்டு நேரத்துல கரணையை எடுத்துப் பழகிப் பழகி கொத்தனாரா ஆனவங்க. வரிசைக்கு வரிசை கலவை உள்ள விழாம இருக்க, வெத்திடத்து மேல ஒரு மரச்சட்டத்தை, பட்டைம்போம், வச்சு மூடிக்கிட்டுக் கலவை பரத்தணும், அப்புறம் பட்டையை எடுத்து அடுத்த இடத்துக்கு நகத்தணும். சும்மா பட்டையைத் தூக்கினா ஓரத்துக் கலவை சறுக்கி உள்ள விழும். இந்த அக்கா ஒரு சென்ட்ரிங் பலகைத் துண்டை அறுத்து, ரெண்டு முனையிலயும் சணல் கயித்துல காது வச்சுக்கிட்டாங்க, தூக்குச்சட்டி மாதிரி நேரா மேல தூக்கலாம், ஒரு பொட்டு விழாது. இத்தனை வருஷத்துல எனக்குத் தோணல. இப்ப மூணு சைட்டுலயும் அந்தக் காது வச்ச பட்டைதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்குறவரு கடிகாரத்தைக் காட்டுறாரு. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஒரு சிலாபு போடணும், மழை வராம இருந்தா சரி. வரேங்க, வணக்கம்.