சேலத்தில் ‘சில்வர்’ என்றால் எது?

வணக்கம் மக்களே. செவ்வாய்ப்பேட்டையில் நிற்கிறேன், பின்னால் கொலுசுப் பட்டறையில் கம்பி இழுக்கிற மெஷின் ஓடுகிறது, அதனால் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன். இன்றைக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்: சில்வர். இந்தத் தெருவில் விற்பது வெள்ளி. கஞ்சமலை அடிவாரத்தில் 1981-இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலையில் உருவாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆனால் நம் வீட்டில் சில்வர் என்று சொன்னால் கைக்கு வருவது எது? ஸ்டீல் டம்ளர்தான். வெள்ளியை யாரும் சில்வர் என்று சொல்வதில்லை, வெள்ளி என்றேதான் சொல்கிறோம்.

இதை ஏன் எடுத்தேன் என்றால், பாத்திரக் கடையில் ஒரு ஆயா “சில்வர் தூக்கு ஒண்ணு குடுப்பா” என்று கேட்க, கூட வந்த பேத்தி “ஆயா, அது சில்வர் இல்ல, ஸ்டீல். சில்வர்னா வெள்ளி” என்று எல்லார் முன்னாலும் திருத்தியது. அந்த ஆயா அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆயா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

பள்ளிக்கூட அர்த்தம் எல்லாருக்கும் தெரியும்: சில்வர் ஒரு உலோகம், குறியீடு ஏஜி, லத்தீன் சொல்லான அர்ஜென்டம் என்பதிலிருந்து வந்தது, அணு எண் 47. ஆனால் நல்ல இங்கிலீஷ் அகராதி அதோடு நிற்காது. சில்லறைக் காசுக்கும் சில்வர் என்று பெயர், அது வெள்ளி மாதிரி இருக்கிற வேறு உலோகமாக இருந்தாலும் சரி. அமெரிக்காவில் சில்வர்வேர் என்றால் சாப்பாட்டு மேசையில் வைக்கிற ஸ்பூன், முள்கரண்டி, கத்தி, அது முழுக்க ஸ்டீலாக இருந்தாலும் அதே பெயர்தான். ஜெர்மன் சில்வர் என்கிறார்களே, அதில் இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம், ஒரு பொட்டு வெள்ளி கிடையாது. இங்கிலீஷ்காரர்களே பார்வைக்கு வெள்ளி மாதிரி இருப்பதையெல்லாம் சில்வர் என்று சொல்லும்போது நம் ஆயாவை மட்டும் எதற்குத் திருத்த வேண்டும்?

நாமும் அதையேதான் செய்திருக்கிறோம். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களிடம் கேளுங்கள், பத்து வெள்ளி என்றால் அங்கே பணம். வெள்ளிக்காசு போய் எவ்வளவோ காலம் ஆனாலும் பெயர் போகவில்லை.

ஏற்காட்டுக்கும் இதில் பங்கு உண்டு. காப்பித் தோட்டத்தில் நெட்டுக்க நிற்குமே, மிளகுக்கொடி ஏறியிருக்குமே, அந்த சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், ஓக் குடும்பமே கிடையாது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளை வெளேர் என்று மின்னும், அந்த ஒரு காரணம் போதுமாக இருந்திருக்கிறது.

சரி, இப்போது எவர்சில்வர். எனக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும். உண்மையான வெள்ளி கறுக்கும், காற்றில் இருக்கிற கந்தக வாயு பட்டாலே மேலே கறுப்புப் படலம் வந்துவிடும், கொலுசு போடுகிறவர்களுக்குத் தெரியும். ஸ்டீலில் குரோமியம் இருக்கிறது, அது காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் போட்டுக்கொள்ளும், கீறினாலும் தானாகவே மறுபடி வந்துவிடும். எப்போதும் மங்காத சில்வர், அதனால் எவர். ஸ்டெயின்லெஸ் என்ற பெயர் கறை படியாது என்று மட்டும்தான் சொல்கிறது, எவர்சில்வர் பளபளப்பையும் சேர்த்துச் சொல்கிறது. எது நல்ல பெயர், நீங்களே சொல்லுங்கள்.

கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டு வருகிறேன், பாருங்கள். இது காந்தம். இது ஒரு ரூபாய்க் காசு, டக்கென்று ஒட்டுகிறது, ஏனென்றால் இது இரும்போடு குரோமியம் மட்டும் சேர்ந்த ஸ்டீல், இந்த மாதிரி காசு அடிக்கிற வில்லைகளை நம் உருக்காலையும் செய்து கொடுத்திருக்கிறது. இது டம்ளர், அடியில் 304 என்று குத்தியிருக்கிறது பாருங்கள், அது ஸ்டீலின் ரகம், இதில் நிக்கலும் உண்டு, காந்தம் பிடிக்கவில்லை, விளிம்புப் பக்கம் மட்டும் லேசாக இழுக்கிறது, தகட்டை அழுத்தி வடிவம் எடுக்கிற இடத்தில் அப்படி ஆகும். இது வெள்ளிக் கொலுசு, இதுவும் ஒட்டாது. அதனால் காந்தம் ஒட்டவில்லை, ஆகவே வெள்ளிதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல எவர்சில்வரும் ஒட்டாது.

பேச்சில் சில்வர் என்பது எதுவாகவும் இருக்கட்டும், வாங்கும்போது மட்டும் அகராதி அர்த்தம் வேண்டும். ஆன்லைனில் சில்வர் கொலுசு என்று போட்டிருப்பார்கள், கீழே விவரத்தில் பார்த்தால் சில்வர் என்பது வெறும் நிறம். ஆக்சிடைஸ்டு சில்வர் என்று வருகிற தோடு, வளையல் நிறையவற்றில் வெள்ளியே இருப்பதில்லை. 925 என்று முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று அர்த்தம், ஹால்மார்க்கோடு பில்லில் எடையும் தரமும் தனியாக எழுதி வாங்குங்கள். இங்கே கடையில் டச் எவ்வளவு என்று கேட்டாலே போதும், வெள்ளியின் தரத்தைத்தான் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார்கள்.

வீட்டில் ஆயாவோ அம்மாவோ சில்வர் குடம் என்று சொன்னால் குடத்தை எடுத்துக் கொடுங்கள், திருத்தாதீர்கள். உங்கள் ஊரில் சில்வர் என்றால் எதைச் சொல்வீர்கள், அதை எழுதுங்கள், அடுத்த வீடியோவில் படிக்கிறேன்.