800 அக்கவுன்ட், ஒரே கட்டளை

வணக்கம். கிண்டியில் இருக்கும் ஒரு கம்பெனி சோழிங்கநல்லூருக்கு இடம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜை நாற்காலியை லாரியில் ஏற்றிவிடலாம். ஆனால் அங்கே வேலை பார்க்கும் 800 பேருடைய யூசர் அக்கவுன்டிலும் முகவரி, பின்கோடு, மேஜை போன் நம்பர் எல்லாம் பழசாகவே உட்கார்ந்திருக்கும். 600032 என்பது 600119 ஆக வேண்டும், காலையில் லாகின் செய்ததும் தானாக வந்து நிற்கும் டிரைவின் பாதையும் மாற வேண்டும். ஒவ்வொரு பெயராகத் திறந்து, திருத்தி, ஓகே கொடுத்து மூடினால், ஆளுக்கு 2 நிமிடம் என்றாலும் 26 மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். அதையும் ஒரு டிரெயினி தலையில் கட்டுகிற அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன.

பல அலுவலகங்களில் இந்த அக்கவுன்ட் எல்லாம் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில்தான் இருக்கும், அதாவது யூசர்களின் விவரங்களை ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் பதிவேட்டில். அது விண்டோஸ் 2000 சர்வரோடு வந்தது. 2003 சர்வரில்தான் பல பேரை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து வலது க்ளிக் செய்து மாற்றும் வசதி கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே பின்கோடு என்றால் அதுவே போதும், வேறு எதையும் தேட வேண்டாம். ஆனால் போன் நம்பர் ஆளுக்கு ஒன்று இல்லையா, அங்கே அது கைவிட்டுவிடும். அதற்குத்தான் பவர்ஷெல், கட்டளைகளை எழுதி விண்டோஸை வேலை வாங்கும் கருவி. 2008 ஆர்2 சர்வரிலிருந்து ஆக்டிவ் டைரக்டரிக்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. எக்செலில் ஒரு பட்டியல் போட்டு, காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலான சி.எஸ்.வி.யாகச் சேமித்து, ஆளைத் தேட கெட்-ஏடியூசர், மாற்ற செட்-ஏடியூசர் என்று நாலைந்து வரி எழுதினால் 800 பேருக்கும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த வரிகளை ரேடியோவில் படித்துக் காட்டினால் நீங்கள் ஸ்டேஷனை மாற்றிவிடுவீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

கட்டளை எழுதுவது சுலபம். தலைவலி பட்டியலில்தான். எச்.ஆரிடமிருந்து ஒரு எக்செல் ஃபைல் வரும், அதில் ஊழியர் எண் 00457 என்று இருக்கும். சி.எஸ்.வி.யை எக்செலில் ஒரு தடவை திறந்து சேமித்தாலே போதும், முன்னால் இருக்கிற பூஜ்யங்களை அது தின்றுவிடும், வெறும் 457தான் மிஞ்சும். 91 சேர்த்து 12 இலக்கமாக வரும் மொபைல் நம்பர் இன்னும் மோசம். 9.19இ+11 என்று சுருக்கிக் காட்டும், அப்படியே சேமித்தால் ஃபைலிலும் அதுதான் போகும், மீதி இலக்கங்கள் போனது போனதுதான். பல பேருக்கு ஒரே அர்த்தமில்லாத நம்பர் ஏறி நிற்கும். எக்செலில் அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு டேட்டாவைப் போடுங்கள், சேமித்த ஃபைலை நோட்பேடில் ஒரு தரம் திறந்து பாருங்கள்.

பெயரை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஊரில் அது நடக்காது. ஒரே அலுவலகத்தில் மூன்று எஸ். கார்த்திக் இருப்பார்கள். சர்நேம் என்ற கட்டத்தில் ஒருவருக்கு இனிஷியல் இருக்கும், இன்னொருவருக்கு அப்பா பெயர், மூன்றாமவருக்கு வெறும் புள்ளி. அதனால் ஊழியர் எண்ணையோ லாகின் பெயரையோ வைத்துத்தான் பொருத்த வேண்டும். ஊரை வைத்து வடிகட்டுவதும் இதே கதைதான். சிட்டி என்ற இடத்தில் 'சென்னை' என்று தேடினால், யாரோ எப்போதோ 'மெட்ராஸ்' என்றும் 'சென்னை-32' என்றும் அடித்துவைத்தவை எல்லாம் தப்பித்துவிடும்.

வடிகட்டாமல், தேடும் கட்டளையில் 'எல்லாம்' என்று பொருள்படும் நட்சத்திரக் குறி போட்டால் எல்லோரும் வந்துவிடுவார்கள். எல்லோரும் என்றால் மனிதர்கள் மட்டும் இல்லை, ராத்திரி பேக்கப் எடுக்கிற, ஆளில்லாமல் புரோகிராமே பயன்படுத்தும் சர்வீஸ் அக்கவுன்டும் அந்தக் கூட்டத்தில் நிற்கும். 'அடுத்த லாகினில் பாஸ்வேர்டு மாற்று' என்று அதற்கும் டிக் போட்டுவிட்டால் அது யார் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து மாற்றும்? பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோகும். ஆகவே ஓ.யூ., அதாவது அக்கவுன்டுகளைப் பிரித்து வைத்திருக்கும் ஃபோல்டர் மாதிரியான பிரிவு, எது என்று குறிப்பிட்டு, அதற்குள் மட்டும் தேடுங்கள். முதலில் கட்டளையோடு வாட்-இஃப் என்ற சொல்லைச் சேர்த்து ஓட்டினால் யார் யாரைத் தொடப்போகிறது என்று சொல்லும், தொடாது. அப்புறம் ஐ.டி. டீமிலேயே ஐந்து பேருக்குச் செய்து பாருங்கள்.

பழைய மதிப்புகளை எக்ஸ்போர்ட் செய்து வைக்காமல் யாரும் என்டர் தட்டக் கூடாது. ஆக்டிவ் டைரக்டரியிலேயே ரீசைக்கிள் பின் இருக்கிறதே என்பார்கள். அது அழித்த அக்கவுன்டை மீட்டுத் தருமே தவிர, மாற்றிய போன் நம்பரைத் திருப்பித் தராது.

எப்போது செய்வது? நிறையப் பேர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓட்டிவிட்டு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. செவ்வாய் புதன் மாதிரி ஒரு நாளில், ஹெல்ப் டெஸ்க்கில் ஆள் இருக்கும்போது செய்தால், தவறு பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பத்து நிமிடக் கணக்கு சென்னைக்கு மட்டும். கோயம்புத்தூர் கிளைக்குத் தனி சர்வர் என்றால், யாரும் அமைப்பை மாற்றாத வரை 180 நிமிடத்துக்கு ஒரு முறைதான் இந்த மாற்றம் அங்கே போய்ச் சேரும். அவர்கள் 'இன்னும் மாறவில்லை' என்று போன் செய்ததும் மறுபடி ஓட்ட வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பாருங்கள்.

கடைசியாக அந்த சி.எஸ்.வி. ஃபைல். 800 பேருடைய பெயரும் மொபைல் நம்பரும் உள்ளது, வேலை முடிந்த பிறகும் டெஸ்க்டாப்பில் மாசக்கணக்கில் கிடக்கும், சில இடங்களில் வாட்ஸ்அப் குரூப்பில் கூடக் கிடக்கிறது. பழைய மதிப்புகள் இருக்கும் ஃபைலைப் பூட்டிய ஃபோல்டரில் ஒரு மாதம் வைத்திருங்கள், யாராவது புகார் சொன்னால் உதவும். மற்றதை எல்லாம் அன்றைக்கே அழித்துவிடுங்கள். வணக்கம்.