சிறுநீர்க் கோளாறுகளும் மூலிகைக் குடிநீரும்

நேயர்களுக்கு வணக்கம். நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, கல்லடைப்பு ஆகியவற்றுக்கு மரபு மருத்துவம் சொல்லும் மூலிகைகளில் நெருஞ்சில், சிறுபீளை, மூக்கிரட்டை, நீர்முள்ளி ஆகிய நான்கும் முன்னிற்பவை. நெருஞ்சிலில் பெரிதும் பயன்படுவது, ஐந்திதழ் மஞ்சள் பூ உதிர்ந்தபின் காய்த்து, நடப்பவர் காலில் தைக்கும் அந்த முள்ளுக்காய்தான். காய்ந்த காயைக் கழுவி, ஒன்றிரண்டாக இடித்து, நீர்விட்டு, நான்கில் ஒரு பங்காகச் சுண்டும்வரை சிறுதீயில் காய்ச்சி வடித்தெடுப்பதே குடிநீர். மாவாக அரைத்தால் வடிகட்டியில் நில்லாமல் கசடு கலங்கிவிடும்.

இம்மூலிகைகள் சிறுநீரைப் பெருக்குவன என்பது மரபின் கருத்து. நீர்முள்ளியிலும் மூக்கிரட்டையிலும் மிகுந்துள்ள பொட்டாசியம் உப்புகளை அதற்கு ஒரு காரணமாகச் சொல்வர். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கோ அதே பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத்துடிப்பையே குலைக்கக்கூடும். கிடைக்கும் நன்மையில் பெரும்பங்கு, குடிநீரோடு உள்ளே செல்லும் தண்ணீருக்கே உரியது என்பது என் கணிப்பு. கல் உண்டாகும் இயல்புடையவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.5 லிட்டர் சிறுநீர் கழியுமளவுக்கு நீர் அருந்த வேண்டும் என்றே இன்றைய மருத்துவமும் அறிவுறுத்துகிறது. 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடுவதால், கடைசியாகக் குடித்த கஷாயத்துக்கே பெருமை போய்ச் சேர்வதும் உண்டு.

எரிச்சலுக்குக் காரணம் கிருமித்தொற்றாக இருந்தால் கதை வேறு. குடிநீரால் கடுப்பு சற்றே தணிந்தாலும், கிருமி சிறுநீரகம்வரை ஏறக்கூடும். ஆகவே குளிர்காய்ச்சல், விலாவின் பின்புறத்தில் வலி, சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்திருக்கும் முதியவருக்குச் சிறுநீரைப் பெருக்கும் குடிநீர் கொடுப்பது, வெளியேற வழியில்லாத பையை மேலும் நிரப்பி வேதனையையே கூட்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி ஆகியவை சேர்ந்த அரிஸ்டோலோகியா இனச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தை மீளாதபடி சிதைப்பதோடு, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கான மூலிகை மாத்திரைகளில் வேறொரு மூலிகைக்குப் பதிலாக இவ்வினச் செடி கலந்துவிட்டதால், பெண்கள் பலர் சிறுநீரகங்களையே இழந்தனர். எனவே, என்னென்ன சேர்ந்தது என்று தெரியாத கலவைத் தூளை, தருபவர் எவராயினும், வாங்கி உட்கொள்ளாதீர்கள். வணக்கம்.