மாத்திரை கொடுக்கும் ஐந்து நிமிஷம்

(மன்னார்குடியில் கிராம சுகாதாரத் தன்னார்வலர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தலைமை தாங்கும் டாக்டரம்மா சீக்கிரம் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். நேராகச் சர்க்கரைக்கே வந்துவிடுகிறேன்.

முகாம் போடுகிறோம், படம் காட்டுகிறோம், நோட்டீஸ் கொடுக்கிறோம். அதில் என்ன பலன்? சர்க்கரை நோயாளிகளுக்கு நடத்திய வகுப்புகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2002இல் ஒரு கணக்கு வந்தது. வகுப்பு முடிந்த கையோடு, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, வகுப்பில்லாதவர்களைவிட 0.76 சதவீதப் புள்ளி அதிகமாகக் குறைந்திருந்தது. நல்லதுதான். ஆனால் வகுப்பு நின்ற மூன்று மாதத்துக்குள் அந்த வித்தியாசம் 0.26 ஆகச் சுருங்கிவிட்டது. ஒரு முழுப் புள்ளி இறங்க ஒரு நோயாளிக்குக் கிட்டத்தட்ட 24 மணி நேர வகுப்பு தேவையாம். ஒரு நாள் முகாமில் அதற்கு எங்கே போவது?

அதனால்தான் உங்களை நம்புகிறேன். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. மாத்திரையை நீட்டும் அந்த ஐந்து நிமிஷம்தான் வகுப்பு. மாதாமாதம் நடப்பதால் அது கரைந்துபோகாது.

என்ன கேட்பது? "புரிஞ்சுதாக்கா?" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "ஊசி எப்படிப் போட்டுக்குறீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. சிவப்புக்குப் பதில் ஆரஞ்சை வாங்கி, 20 என்ற கோடுவரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது, டாக்டர் அளவைக் கூட்டுவார். அப்புறம் ஒருநாள் சரியான சிரிஞ்சு கைக்கு வந்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழ வேண்டியதுதான். செய்துகாட்டச் சொன்னால் ஒழிய இது வெளியே வராது.

அடுத்தது கால். நோட்டீஸில் 'வெறுங்காலோடு நடக்காதீர்கள்' என்று போட்டிருக்கிறது. எழுதியவர் நடவுக்கு இறங்கியதே இல்லை போலிருக்கிறது! சேற்றில் செருப்பு நிற்குமா? சர்க்கரையால் மரத்துப்போன பாதத்தை நத்தை ஓடு கிழித்தாலும் தெரியாது. ஆகவே கரையேறியதும் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைப் பேரப்பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புண்ணோ சிவப்போ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

இன்னொன்று. மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கிய பிறகு கூட்டம் வைத்துவிட்டு, ஆள் வரவில்லை என்று குறைப்படாதீர்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? டீ குடிக்கிற நேரத்தில் வரப்புக்கு நீங்கள் போங்கள்.

சரி, மேசையில் இரண்டு நிற சிரிஞ்சும் தண்ணீர்க் குப்பியும் வைத்திருக்கிறேன். குப்பியில் 40 என்று ஒட்டியிருக்கிறது. ஒவ்வொருவராக வந்து, சரியானதை எடுத்து 20 யூனிட் இழுத்துக் காட்டுங்கள். முன்வரிசையிலிருந்து ஆரம்பிப்போம்.