அரைக்கிற மின்சாரம் எங்கே போகிறது?

வணக்கம் நேயர்களே. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1950இல் உற்பத்தி தொடங்கி, 1990இல் யுத்தத்தோடு நின்றுபோனது. அங்கே சுண்ணக்கல்லை அரைத்துச் சுட்டு, சுட்டு வந்த கட்டியைத் திரும்பவும் அரைத்துத்தான் சீமெந்து எடுத்தார்கள். செம்பு, தங்கச் சுரங்கங்களிலும் மின்சாரத்தை அதிகம் விழுங்குவது அரைவைதான். உருக்குக் குண்டுகளை உள்ளே போட்டுச் சுழற்றி அரைக்கும் உருளைவடிவ ‘போல் மில்’லுக்குக் (ball mill) கொடுக்கிற சக்தியில் கல்லை உடைக்கப் பயன்படுவது சில வீதம் மட்டுமே. மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும்.

அதற்காகப் பழைய மில்லைக் கழற்றிப் பெரியது வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் பார்க்கவேண்டியது பக்கத்தில் நின்று தூளையும் பருமனையும் பிரிக்கும் பிரிகருவியை. வீட்டில் மா இடித்தால் அரிதட்டில் அரித்துக் கப்பியை மட்டும்தானே திரும்ப உரலில் போடுகிறோம்? அரிதட்டு அடைத்துக்கொண்டால் மாவும் சேர்ந்து இடிபடும். பழைய பிரிகருவியும் அப்படித்தான், அரைபட்ட தூளையே மில்லுக்குத் திருப்பி அனுப்புகிறது. அதை மாற்றினால் அதே மில், அதே மோட்டார், கூடுதல் தொன். அளவுக்கு மிஞ்சி நுணுகிய தாதுவைப் பிரித்தெடுப்பதும் கடினம். காசு கொடுத்து அரைத்துக் கழிவில் விடுகிறோம்.

அடுத்தது மில்லின் உட்சுவரில் பொருத்தியிருக்கும் உள்தகடு. அதிலுள்ள மேடுகள்தான் குண்டுகளைத் தூக்கி விழுத்துகின்றன. தேய்ந்தால் குண்டு வழுக்கும். வேகமும் கணக்காக இருக்கவேண்டும்: நான்கு மீற்றர் விட்டமுள்ள மில் நிமிடத்துக்கு 21 சுற்றைத் தாண்டினால் குண்டுகள் சுவரோடு ஒட்டியே சுற்றும், ஒன்றும் அரைபடாது. 15, 16 சுற்றில்தான் ஓட்டுவார்கள். கைதேர்ந்த ஒப்பரேற்றர் முதலில் காதைத்தான் கொடுப்பார். கணீரென்று கேட்டால் உள்ளே கல் போதாது, குண்டு தகட்டில் அடிக்கிறது. சத்தம் அமுங்கினால் கல் கூடிப்போச்சு. இப்போது அதற்கும் ஒலியுணரி வந்துவிட்டது.

1980களின் நடுவில் சீமெந்து ஆலைகளுக்கு வந்த உயரழுத்த உருளைகள் கல்லை நெரித்தே உடைப்பதால் மின்சாரம் மிச்சம், உண்மைதான். ஆனால் ஈரக் களிமண் கலந்த கல் அதற்கு ஒத்துவராது, விலையும் லேசில்லை.

நம் நாட்டில் புல்மோட்டைக் கனிய மணலைக் கடலும் காலமுமே அரைத்துத் தந்துவிட்டன. எப்பாவலைப் பொஸ்பேற்றுப் பாறையை நாம்தான் அரைக்கவேண்டும். அது எளிதில் கரையாது, நன்றாகத் தூளாக்கினால்தான் மண்ணில் உரமாகப் பயன்தரும். அப்படியான ஆலை என்னிடம் யோசனை கேட்டால், பிரிகருவிக்கும் உள்தகட்டுக்கும் காசு ஒதுக்கச் சொல்வேன். உயரழுத்த உருளையின் விலையை அப்புறம் விசாரிக்கலாம். நன்றி, வணக்கம்.