பையில் யார் போடுவது?

நேயர்களுக்கு வணக்கம். கடையில் வாங்கிய சாமான்களைப் பையில் போடுவது யார்? நீங்களா, கடைக்காரரா? சின்னக் கேள்விதான். ஆனால் வெளிநாட்டில் கடை திறக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவின் வால்மார்ட் 1997இல் ஜெர்மனிக்குள் நுழைந்தது. வெர்ட்காஃப் என்ற நிறுவனத்தின் 21 கடைகளை வாங்கியது. மறு ஆண்டே இன்னொரு நிறுவனத்திடமிருந்து 74 கடைகள். அவற்றை நடத்த அமெரிக்காவிலிருந்து வந்த தலைவருக்கு ஜெர்மன் தெரியாது. மேலாளர்கள் ஆங்கிலத்தில் பேச வேண்டியதாயிற்று.

வாசலில் ஓர் ஊழியர் சிரித்த முகத்தோடு வரவேற்பார். பணம் கட்டும் இடத்தில் இன்னொருவர் சாமான்களை எடுத்துப் பையில் போடுவார். அமெரிக்காவில் இது உபசாரம். ஜெர்மானியரோ வீட்டிலிருந்தே பை கொண்டுவருகிறவர். பாட்டில் அடியில், முட்டை மேலே என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. காசாளர் தள்ளிவிடுகிற வேகத்துக்கு ஈடுகொடுத்து, பின்னால் நிற்பவரைக் காக்கவைக்காமல் அவரே அடுக்கிவிடுவார். நடுவில் ஓர் அந்நியக் கை வந்து தன் முட்டையைத் தொட்டால்? சிரிப்பு விஷயம் அதைவிட வேடிக்கை. அதைச் சில ஆண்கள் தங்களிடம் சரசம் என்று எடுத்துக்கொண்டார்களாம்! நம் ஊர் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தால் நீங்கள் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பீர்கள் அல்லவா?

ஊழியர்களுக்குள் காதல் கூடாது என்றும் ஒரு விதி போட்டார்கள். 2005இல் வுப்பர்டால் நகரத் தொழிலாளர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. மறு ஆண்டு, 85 கடைகளை மெட்ரோ என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வால்மார்ட் வெளியேறியது.

சிரித்ததால்தான் கடையை மூடினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஜெர்மனியின் சொந்த மளிகைக் கடைகளான ஆல்டி, லிடிலில் ஏற்கெனவே விலை குறைவு. அடக்க விலைக்கும் கீழே விற்பதற்குச் சட்டத்தின் தடை வேறு. ஆனால் இதே வால்மார்ட் 1991இல் மெக்சிகோவுக்குப் போனபோது சிஃப்ரா என்ற உள்ளூர் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்துதான் போனது. இன்றும் அங்கே இருக்கிறது. கூட்டாளி பக்கத்தில் இருந்தால், பையில் யார் போடுவது என்று அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, மெக்டொனால்ட்ஸ் 1996இல் மாட்டிறைச்சி இல்லாமல் டெல்லியில் கடை திறந்த கதையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அங்கும் உள்ளூர்க் கூட்டாளிகள்தான், சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனிச் சமையலிடம், முட்டையில்லாத மயோனைஸ்... கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வணக்கம்.